அயல்நாட்டு உரிமமும் தாய்நாட்டு வானமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே காரியாலயத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தர் ஒருவர் ஆகாய விமானத்தைப் பற்றிப் பேச எழுந்தால், அவையில் புன்னகை தோன்றுவது இயல்பே. ஆயினும் ஒன்று சொல்லி வைப்போம். நம் நாட்டுச் சட்டப்படி தனியார் விமானி உரிமம் பெறுவதற்கு வேண்டிய கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே. வயது பதினேழு நிறைந்திருந்தால் போதும். ஆகவே படிப்பையும் வயதையும் மட்டும் பார்த்தால் நாமும் தகுதி உடையவரே! எஞ்சியவை உடல் நலமும், பொருள் வளமும், வீட்டாரின் சம்மதமும். அவற்றைப் பற்றி இங்கே பேசாதிருத்தல் நலம்.

இப்பொருளை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கொச்சங்காடியிலும் மட்டாஞ்சேரியிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பாத வீடு இன்று அரிது. வளைகுடா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று நம் பிள்ளைகள் பரந்து கிடக்கின்றனர். அவர்களுள் சிலர் அங்கே விமானம் ஓட்டக் கற்று உரிமமும் பெறுகின்றனர். இவ்வாண்டு நம் காலனியில் இரண்டு வீடுகளில் இது பற்றிய பேச்சு எழுந்தது. ஒரு வீட்டில், அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் பெற்ற பிள்ளை ஊர் திரும்பியிருக்கிறான். அந்த உரிமம் இங்கே செல்லுமா என்று தந்தை கேட்கிறார். மற்றொரு வீட்டில், வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து மகளை அயல்நாட்டு விமானப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கின்றனர். ஒரு வீட்டில் பிள்ளையின் மானமும், மற்றொரு வீட்டில் குடும்பத்தின் கூரையும் இவ்வினாவில் அடங்கியுள்ளன. ஆகவே நாம் விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றை இங்கே வைக்கிறோம்.

முதற்கண், விமானி உரிமம் எல்லாம் ஒன்றல்ல. தனியார் விமானி உரிமம் என்பது சொந்தப் பயணத்துக்கும் உல்லாசத்துக்கும் உரியது. அதை வைத்துக்கொண்டு கூலி வாங்கி விமானம் ஓட்டக் கூடாது. சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டுமாயின் வணிக விமானி உரிமம் வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்பு போதாது, பறந்த நேரம் 200 மணி ஆக வேண்டும், உடற்பரிசோதனையும் கடுமையானது. தனியார் உரிமத்துக்கு நம் நாட்டில் வேண்டுவது 40 மணி. அதில் 20 மணி நேரமேனும் தனியாகப் பறந்திருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் செல்லும் தனிப் பயணம் 5 மணி. அவற்றுள் ஒரு பயணம் 150 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 278 கிலோமீட்டர் தூரம் சென்று, வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி வர வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாத பெற்றோர், 'பிள்ளை பைலட் ஆகிவிட்டான். இனிச் சம்பளத்துக்குக் குறைவில்லை' என்று எண்ணி விடுகின்றனர். தனியார் உரிமம் அந்த நெடும்பாதையின் முதல் நிலையமே தவிர முடிவிடம் அன்று.

இனி, ஒரு நாட்டின் உரிமம் மற்றொரு நாட்டில் செல்லுமா என்னும் வினாவுக்கு வருவோம். உலகப் பெரும்போர் முடியும் தறுவாயில், 1944-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஓர் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. உலகின் வான்வழிப் போக்குவரத்துக்கு அதுவே இன்றளவும் அடிப்படை. அதன்படி தோன்றிய பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கனடாவின் மான்ட்ரியல் நகரில் இருந்து பணி புரிகிறது. நம் பாரதம் உட்பட 193 நாடுகள் அதில் உறுப்பாக உள்ளன. விமானிகளின் உரிமத்துக்கு வேண்டிய குறைந்த அளவுத் தகுதிகளை அவ்வமைப்பு வகுத்து, உடன்படிக்கையின் முதலாம் இணைப்பாக வெளியிட்டுள்ளது. அந்த அளவுக்குக் குறையாமல் ஒரு நாடு வழங்கிய உரிமத்தை மற்ற நாடுகள் மதிக்க வேண்டும் என்று உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு கூறுகிறது.

'அப்படியானால் கவலை எதற்கு? அமெரிக்க உரிமம் இங்கே தானாகவே செல்லுமே!' என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நாட்டின் பதிவு உண்டு. நம் நாட்டு விமானத்தின் உடலில் வி.டி. என்னும் எழுத்துகள் முன்னிற்கும். பிரிட்டனுக்கு ஜி, அமெரிக்காவுக்கு என், ஆஸ்திரேலியாவுக்கு வி.எச்., சிங்கப்பூருக்கு 9வி, இலங்கைக்கு 4ஆர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடு வழங்கிய, அல்லது அந்த நாடு செல்லும் என்று ஏற்றுக்கொண்ட உரிமமே அதன் விமானிக்கு வேண்டும். இது 32-ஆம் பிரிவு. ஆக, 33-ஆம் பிரிவின் மதிப்பு, தன் நாட்டுப் பதிவுள்ள விமானத்தில் தன் நாட்டு உரிமத்தோடு பிற நாடுகளுக்குப் பறந்து செல்பவருக்கே முழுமையாகப் பயன்படும். நம் காலனிப் பிள்ளை இங்குள்ள பறக்கும் சங்கத்துக்குச் சென்று ஓட்ட விரும்பும் விமானமோ வி.டி. அடையாளம் உடையது. அமெரிக்க உரிமம் அதைத் தொட இடந்தராது.

அதே 32-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தன் குடிமகன் ஒருவருக்கு வேறொரு நாடு வழங்கிய உரிமத்தை, தன் சொந்த வானத்தில் பறப்பதற்கு ஏற்காமல் மறுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்கிறது அது. அயலான் கொண்டுவரும் உரிமத்தை மதிக்கும் உடன்படிக்கையே, சொந்தப் பிள்ளை கொண்டுவரும் உரிமத்தை மறுக்கவும் இடம் வைத்திருக்கிறது! இதை எடுத்துரைத்தபோது அந்தத் தந்தை மனம் வருந்தி, 'பெற்ற தாயே பிள்ளையை நம்பவில்லை என்பது போல் அல்லவா இருக்கிறது?' என்றார். அவருடைய வருத்தம் நியாயமானதே. அதற்கு விடை கூறுவதற்காகவே இவ்வுரையின் பெரும்பகுதியை ஒதுக்கியிருக்கிறோம்.

நம் ஊரிலேயே இதற்கு விடை உண்டு. பைலட் என்னும் சொல் ஆகாயத்துக்கு ஏறு முன்னரே துறைமுகத்தில் வழங்கிய சொல். ஏழு கடலையும் கடந்த கப்பல் தலைவர் கொச்சி முகத்துவாரத்துக்கு வருகிறார். அவரிடம் உயர்ந்த சான்றிதழ்கள் உள்ளன. ஆயினும் பெருங்கப்பலை அவர் தாமே கால்வாய்க்குள் செலுத்திவிட முடியாது. துறைமுகத்தின் பைலட் படகில் சென்று கப்பலில் ஏறி, வழி காட்டி உள்ளே கொண்டுவருகிறார். கப்பல் தலைவருக்கு இது அவமதிப்பா? அன்று. அவருக்குக் கடல் தெரியும். இவருக்கு இந்தக் கால்வாய் தெரியும். மணல் எங்கே படிகிறது, நீரோட்டம் எந்த நேரத்தில் எப்பக்கம் இழுக்கிறது என்பவற்றை அயல்நாட்டுச் சான்றிதழ் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்க இயலாது.

எங்கள் ரயில்வேயிலும் இதே முறைதான். இந்திய ரயில்வேக்கு 1976-ஆம் ஆண்டின் பொது விதிகள் உள்ளன. நாடு முழுமைக்கும் அவை ஒன்றே. ஆயினும் ஒவ்வொரு மண்டலமும் அவற்றுக்குத் துணை விதிகளை வகுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு டிரைவர் இருபது ஆண்டு அனுபவம் உடையவராக இருக்கலாம். வேறொரு பிரிவுக்கு மாற்றலாகி வந்தால், முதல் நாளே அவர் கையில் வண்டியைக் கொடுப்பதில்லை. அந்தப் பாதையில் உடன் சென்று, கைகாட்டிகள் நிற்கும் இடம், ஏற்ற இறக்கம், வளைவு, வேகக் கட்டுப்பாடு ஆகியவற்றைக் கண்ணாலே கண்டு, 'இப்பாதையை அறிந்துகொண்டேன்' என்று கையொப்பம் இட வேண்டும். அதன் பின்பே வண்டி. அவர் வண்டி ஓட்டத் தெரியாதவர் என்பது இதன் பொருளன்று. அவர் பின்னால் ஆயிரம் பயணிகள் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே பொருள். சிக்காகோ உடன்படிக்கையை வானத்துப் பொது விதிகள் என்றும், ஒவ்வொரு நாட்டின் விமான விதிகளைத் துணை விதிகள் என்றும் கொண்டால், இவ்விஷயம் எளிதில் விளங்கும்.

துணை விதிகள் அவ்வளவு வேறுபடுமா என்று ஐயுறலாம். சில எடுத்துக்காட்டுகள் தருவோம். அமெரிக்காவில் தனியார் விமானி, உரிய பயிற்சி இருப்பின், வானம் தெளிந்த இரவில் கண்ணால் பார்த்தே பறந்து செல்லலாம். நம் நாட்டில் அவ்வாறு கண் பார்வையை நம்பிப் பறப்பது சூரியன் மறைந்து 20 நிமிடத்தோடு நின்றுவிட வேண்டும். மறுநாள் உதயத்துக்கு 20 நிமிடம் முன்னரே மீண்டும் தொடங்கலாம். விமான நிலையத்தின் அருகே நடக்கும் பறத்தல் போன்ற சிலவற்றுக்கே கட்டுப்பாட்டு நிலையம் விலக்கு அளிக்கும். அமெரிக்காவில் காற்றழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் சொல்வார்கள். இங்கே ஹெக்டோபாஸ்கல் கணக்கில் சொல்வார்கள். அங்கே பார்வைத் தூரம் மைலில். இங்கே மீட்டரிலும் கிலோமீட்டரிலும். அழுத்தக் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு உயரமானியைத் திருப்பினால், விமானம் இருக்கும் உயரம் ஒன்றாகவும் கருவி காட்டும் உயரம் வேறொன்றாகவும் ஆகிவிடும். மலையோரத்தில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. நம் நாட்டில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சிறு விமானத்தில் புறப்படுவதற்கும் பறக்கும் திட்டத்தை முன்னரே தெரிவித்து, வான்பாதுகாப்பு அனுமதிக்குரிய எண்ணைப் பெற வேண்டும். அமெரிக்காவின் பரந்த சமவெளிகளில், யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டுப் பறந்து பழகிய இளைஞருக்கு இது புதுமையாகத் தோன்றும். ஆனால் கொச்சியில் வாழும் நமக்கு விளக்கம் வேண்டுவதில்லை. நம் கண்ணெதிரே வில்லிங்டன் தீவில் இருப்பது கடற்படையின் விமானத் தளம். 1953-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் ஐ.என்.எஸ். கருடா என்னும் பெயரில் அது கடற்படைத் தளமாயிற்று. அதன் அருகே யார் வேண்டுமானாலும் எப்பொழுது வேண்டுமானாலும் பறக்கலாம் என்று விட்டுவிட முடியுமா?

ஆகவேதான், அயல்நாட்டு உரிமத்தை இந்நாட்டு உரிமமாக மாற்ற விரும்புவோர், இந்நாட்டு விமான விதிகளில் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மாற்றும் வழியைச் சுருக்கமாகச் சொல்வோம். இதற்கு அதிகாரம் உடையது டில்லியில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். டி.ஜி.சி.ஏ. என்று அதை அழைப்பர். 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்தை நீக்கி, 2025 ஜனவரி 1 முதல் பாரதீய வாயுயான் அதினியம், 2024 என்னும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. இயக்ககத்தின் பணிகளுள் பெரும்பான்மையும், 2021-இல் தொடங்கப்பெற்ற இ-ஜி.சி.ஏ. என்னும் கணினி வாயில் வழியே இப்பொழுது நடைபெறுகின்றன. எனவே டில்லிக்கு ரயிலேற வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிட்டது. இதைச் சொல்வதில் ரயில்வேக்காரர்களாகிய எங்களுக்குச் சிறிது வருத்தமே!

முதலாவது, கையில் உள்ள அயல்நாட்டு உரிமம் உயிரோடு இருக்க வேண்டும். காலம் கடந்த உரிமம், வெட்டிய பயணச் சீட்டைப் போன்றது. இரண்டாவது, அந்த உரிமம் மெய்யானதே என்று, அதை வழங்கிய நாட்டின் அதிகாரிகள் நம் இயக்ககத்துக்கு உறுதி கூற வேண்டும். மூன்றாவது, நம் இயக்ககம் அங்கீகரித்த மருத்துவரிடம் உடற்பரிசோதனை. தனியார் விமானிக்கு இது இரண்டாம் வகுப்புப் பரிசோதனை. அயல்நாட்டு மருத்துவர் அளித்த சான்று இதற்கு ஈடாகாது. நான்காவது, முன் சொன்ன விமான விதித் தேர்வு. ஐந்தாவது, விமானத்திலிருந்து வானொலியில் பேசுவதற்கு உரிய தனி உரிமம். முன்பு இத்தேர்வு தகவல் தொடர்புத் துறையின் கையில் இருந்தது. அதனை விமானத் துறையின் கீழ்க் கொண்டுவரப் புதிய சட்டம் வழி செய்துள்ளது. ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசும் திறனும் உலக அளவில் ஆறு படிகளாக அளக்கப்படுகிறது. நான்காம் படியேனும் எட்டியிருக்க வேண்டும். ஆறாவது, வேண்டப்படும் பறக்கும் திறன் சோதனையைத் தகுதி பெற்ற தேர்வாளர் முன் நிறைவேற்ற வேண்டும்.

இவற்றோடு பறந்த நேரக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி தனியார் உரிமத்துக்கும் மொத்தம் 40 மணிதான். ஆனால் அங்கே தனியாகப் பறக்க வேண்டிய நேரம் 10 மணியே. இங்கே 20 மணி. மொத்தக் கணக்கு ஒத்திருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிட்டு, உள்ளே பிரித்துப் பார்க்காதவர் பின்னர் திகைப்பர். ஆதலால் விமானி தம் பயணங்களைப் பதிந்து வைக்கும் குறிப்பேட்டில் ஒவ்வொரு வரியும் முறைப்படி எழுதப்பெற்று, உரியவரின் கையொப்பம் பெற்றிருக்க வேண்டும். எழுத்தர் வேலையில் நாம் கண்ட உண்மை ஒன்று உண்டு: செய்த வேலைக்குச் சாட்சி எழுதி வைத்த தாளே. எழுதாத மணி பறக்காத மணியே.

'மெய்யான உரிமத்தை மெய் என்று நிறுவ இத்தனை கடிதப் போக்குவரத்தா?' என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அதற்குக் காரணம் கற்பனையன்று. 2011-ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே பொய்யான மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து உயர்நிலை உரிமம் பெற்ற விமானிகள் சிலர் அகப்பட்டனர். அவர்களுடைய உரிமங்கள் பறிபோயின. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாகிஸ்தானின் அமைச்சர் ஒருவர், தம் நாட்டு விமானிகள் 860 பேரில் 262 பேருடைய உரிமங்கள் ஐயத்துக்கு உரியவை என்று பாராளுமன்றத்திலேயே கூறினார். பின்னர் அவர்களுள் பலர் குற்றமற்றவர் என்று தெரிந்தது. ஆயினும் அந்நாட்டின் அரசு விமான நிறுவனம் ஐரோப்பாவுக்குப் பறக்க விதிக்கப்பட்ட தடை 2024 நவம்பரில்தான் நீங்கிற்று. சிலருடைய பொய், நேர்மையாகப் படித்த அனைவருடைய தாளையும் ஐயத்துக்கு ஆளாக்கிவிட்டது. உரிமத்தைச் சரிபார்ப்பது நேர்மையானவரைக் காக்கவே என்பதை இதனால் உணரலாம்.

எனினும் ஒரு பக்கத்தையே பேசிச் செல்வது நீதியாகாது. நம் நாட்டு உரிமம் உடைய ஒருவர் அமெரிக்காவுக்குச் சென்று, அங்கே சொந்த உல்லாசத்துக்குப் பறக்க விரும்பினால், அந்நாட்டார் அவருடைய உரிமத்தைச் சரிபார்த்து, அதன் பேரிலேயே தம் நாட்டுத் தனியார் சான்றிதழ் ஒன்றை வழங்குகிறார்கள். அதற்கெனத் தனியே எழுத்துத் தேர்வு இல்லை. நம் உரிமம் உயிரோடு உள்ளவரை அதுவும் செல்லும். நம் உரிமம் போனால் அதுவும் போகும். பிறர் நம் தாளுக்குத் தரும் இந்த எளிமையை நாமும் நம் பிள்ளைகளுக்குத் தரலாகாதா என்னும் வினா நியாயமான வினாவே. விதித் தேர்வு வேண்டும்; அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தேர்வு எழுதியவன் விடைக்காகவும், விண்ணப்பித்தவன் பதிலுக்காகவும் நெடுங்காலம் காத்திருக்கும் நிலை இருத்தலாகாது. காத்திருக்கும் காலத்தில் அயல்நாட்டு உரிமத்தின் தவணை கழிகிறது. உடற்பரிசோதனையின் தவணை கழிகிறது. கையின் பழக்கமும் மங்குகிறது. விதி கடுமையாக இருக்கலாம். காரியாலயம் மந்தமாக இருக்கக் கூடாது. காரியாலயத்தில் வேலை செய்யும் நாமே இதைச் சொல்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

நம் நாட்டின் விமான வரலாற்றைப் பார்த்தாலும், அயலும் உள்ளும் கலந்தே அது வளர்ந்திருக்கிறது. பாரிஸ் நகரில் 1904-இல் பிறந்தவர் ஜே. ஆர். டி. டாட்டா. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் இந்நாட்டில் வழங்கப்பெற்ற முதல் எண் உரிமம் அவருடையது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்ததும் அதே ஆண்டில்தான். 1932 அக்டோபர் 15 அன்று அவர் தபால் பைகளோடு கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட் என்னும் அயல்நாட்டவர். நம் தமிழகத்துக்கு விமானத் தபால் வந்த வழி அது. பின்னர் 1951-இல், சென்னை அரசாங்கம் இங்கிலாந்தில் வாங்கிய டவ் விமானத்தை வி. சுந்தரமும் அவர் துணைவியார் உஷா சுந்தரமும் ஓட்டி வந்து 27 மணி நேரத்தில் பம்பாயை அடைந்தனர். அந்த அம்மையார் பெங்களூரில் இருந்த அரசாங்கப் பயிற்சிப் பள்ளியில் 1949-இல் தேறியவர். மகளை விமானப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று தயங்கும் வீட்டார் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம் கொச்சியின் வரலாறும் அவ்வாறே. சர் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் காயலைத் தூர் வாரி, அம்மண்ணால் வில்லிங்டன் தீவை உருவாக்கினார். அம்மண்ணின் மேல் எழுந்த விமானத் தளத்திலிருந்தே பல்லாண்டுகள் நாம் விமானம் ஏறினோம். 1999-ஆம் ஆண்டு மே 25 அன்று நெடும்பாசேரி நிலையம் திறக்கப்பெற்றது. ஜூன் 10 முதல் பயணிகள் விமானங்கள் அங்கே சென்றன. 2022-இல், பக்கத்து ஆலப்புழையைச் சேர்ந்தவரும் இங்கிலாந்தில் வாழ்பவருமாகிய ஒரு பொறியியலாளர், தம் கையாலேயே நான்கு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி முடித்துக் குடும்பத்தோடு பறந்த செய்தியைப் பத்திரிகைகளில் நாம் படித்தோம். அவருடைய விமானம் ஜி என்னும் அடையாளம் உடையது, உரிமமும் அந்நாட்டினது. ஆதலால் அவருக்கு அங்கே தடையில்லை. அவரே ஊருக்கு வந்து வி.டி. விமானம் ஒன்றை ஓட்ட விரும்பினால், முன்னே நாம் எண்ணிக் காட்டிய படிகளில் ஏறியே ஆக வேண்டும். புகழ் உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் விதி ஒன்றே.

இப்பொழுது அந்த இரண்டு வீட்டாருக்கும் நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். ஊர் திரும்பிய பிள்ளையின் தந்தைக்கு: ஐயா, உங்கள் மகனுடைய உரிமம் வீண் போகவில்லை. அவன் கற்ற பறக்கும் கலையை எந்தக் காரியாலயமும் அழிக்க முடியாது. அவன் மீண்டும் 40 மணியும் தொடக்கத்திலிருந்து பறக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. குறையும் மணிகளை நிறைத்து, இந்நாட்டு விதிகளைப் படித்து, ஒரு தேர்வும் ஒரு பரிசோதனையும் ஒரு சோதனையும் கொடுத்தால் போதும். உடனே தொடங்கட்டும்; அமெரிக்க உரிமத்தை உயிரோடு வைத்திருக்கட்டும்; குறிப்பேட்டை ஒழுங்கு செய்யட்டும். விதிப் புத்தகத்தை வெறுப்போடு படிப்பவனுக்கு அது சுமை. 'இது என் ஊர் வானம், இதன் பழக்கத்தை அறிய வேண்டும்' என்று படிப்பவனுக்கு அது வழித்துணை.

வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்திருக்கும் குடும்பத்துக்கு: அம்மா, பெண் பிள்ளையின் ஆசையைத் தடுக்க வேண்டாம். ஆனால் தரகர் சொல்லை மட்டும் நம்பிப் பத்திரத்தில் கையொப்பம் இட வேண்டாம். அந்தப் பள்ளி தரும் உரிமம் தனியார் உரிமமா, வணிக உரிமமா என்று எழுத்தில் கேளுங்கள். திரும்பி வந்து மாற்றும்போது மேலும் எத்தனை மணி பறக்க வேண்டிவரும், அதற்கு ஆகும் செலவு எவர் பொறுப்பு என்று கேளுங்கள். புறப்படும் முன்னரே இந்நாட்டு முறைப்படி உடற்பரிசோதனை செய்துகொள்ளட்டும். கண்ணிலோ காதிலோ குறை இருந்து, பல லட்சம் செலவான பிறகு அதை அறிவதைவிட, ஒரு நாளைய பரிசோதனையில் முன்னரே அறிவது மேல். இந்நாட்டிலேயே உள்ள பயிற்சிப் பள்ளிகளின் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. இத்தனையும் பார்த்த பிறகும் மனம் துணிந்தால், அப்பொழுது பத்திரத்தை எடுங்கள். மகளின் சிறகுக்காகக் கூரையை விற்பது தியாகம். ஆனால் கணக்குப் பாராமல் விற்பது தியாகமாகாது.

பெரியோர்களே! நாம் அனைவரும் ஓரிடத்தில் பிறந்து மற்றோரிடத்தில் வாழ்பவர்கள். தமிழகத்துப் பள்ளிச் சான்றிதழோடும், ரேஷன் அட்டையை மாற்றித் தரக் கோரும் மனுவோடும் இவ்வூர்க் காரியாலயங்களின் வாசலில் நின்ற நம் முன்னோரின் அனுபவம் நமக்கு மறக்கவில்லை. 'அங்கே செல்லும் தாள் இங்கே ஏன் செல்லாது?' என்று அவர்களும் கேட்டனர். கேட்டுக்கொண்டே மலையாள எழுத்தைக் கற்றனர். இவ்வூரின் வழக்கத்தை அறிந்தனர். தம் மொழியையும் விடவில்லை. கொச்சங்காடியில் 1344-இல் எழுந்த யூதர் ஜெபாலயம் இன்று இல்லை. ஆயினும் அதன் கல்வெட்டு மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெபாலயச் சுவரில் பதிக்கப்பெற்றிருக்கிறது. எழுத்து அதேதான், சுவர் வேறு. புதிய சுவரில் அக்கல் உறுதியாக நிற்கும்படி யாரோ அளந்து, இடம் செய்து பதித்திருக்கிறார்கள். அயல்நாட்டில் நம் பிள்ளைகள் ஈட்டும் தகுதிகளையும் அவ்வாறே அளந்து பதிக்கும் பொறுமை நமக்கு வேண்டும். இடம் செய்து கொடுக்கும் விரைவு அரசாங்கத்துக்கு வேண்டும்.

நம் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறோம். இனி அயல்நாட்டில் எத்தகுதியைப் பெற்றாலும், விமானமோ, மருத்துவமோ, கப்பலோ, மின்சாரமோ, அதை ஊரில் செல்லச் செய்வதற்கு வேண்டியவை எவை என்பதைப் படிப்பில் சேரும் முன்னரே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவ்விவரங்களைத் திரட்டித் தருவதற்குச் சங்கத்தின் வாசகசாலையில் ஒரு மேசை ஒதுக்கலாம் என்பது நம் கருத்து. செயற்குழு இதை ஆலோசிக்க வேண்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மேசையில் அமர்ந்து விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்க நாம் சித்தமாக இருக்கிறோம். விமானம் ஓட்ட நமக்குத் தெரியாது. விண்ணப்பம் எழுதத் தெரியும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!